மசக்கைக்கு எது கைகொடுக்கும்: அடுப்படி மாற்றமா, இஞ்சியா, மாத்திரையா?

மலேசியாவின் பினாங்கில் நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு மசக்கை தொடங்கிவிட்டால் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. அம்மா இஞ்சித் தண்ணீர் என்பார். மாமியார் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைப்பார். வேலையிடத்துத் தோழி க்ரீம் கிராக்கர் பிஸ்கட் என்பாள். பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் ஒரு பொட்டலம் ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) கொண்டுவந்து கையில் திணிப்பார். மாத்திரை என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்பார்கள். இத்தனை பேர் சொல்வதில் எதை முதலில் செய்வது, எதை எந்தக் கட்டத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது என்பதை யாரும் சொல்வதில்லை. என் தங்கை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். அவளுக்காகத் தேடிப் படித்ததையும் டாக்டரிடம் கேட்டறிந்ததையும் அவள் வீட்டில் கண்ணால் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் மாற வேண்டியது அடுப்படி. அடுத்து இஞ்சிக்கு ஒரு வாரம் தரலாம். அதிலும் அடங்காவிட்டால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீரே தங்கவில்லை என்றால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது; நேரே மருத்துவமனைதான்.

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்கு ஏதாவது ஓர் அளவில் குமட்டல் வருகிறது. பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கி, எட்டாவது வாரத்துக்கு மேல் உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரங்களுக்குள் தணிகிறது. காலையில்தான் வரும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. அந்தி சாய்ந்த பிறகு கூடுகிறவர்களும் உண்டு. இதற்கு முக்கியக் காரணம் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் என்று 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. கருவின் பக்கமிருந்து இது தாயின் ரத்தத்தில் கலக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே இந்த ஹார்மோன் உடம்பில் ஓரளவு இருந்து பழகியவர்களுக்குப் பாதிப்பு குறைவு. மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு அது திடீரென்று ஏறும்போது உடம்பு தாங்குவதில்லை. ஆகவே “மனசு வைத்தால் சாப்பிடலாம்”, “நாங்களெல்லாம் பெறவில்லையா” என்ற பேச்சுகளை அந்தப் பெண்ணின் காதில் போட வேண்டாம். அவள் மனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குழந்தைக்கு ஆகாரம் போகவில்லையே என்று பெரியவர்கள் பதறுவதும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் கரு மிகச் சிறியது. கூடுதல் சாப்பாடு என்று ஏறக்குறைய எதுவும் தேவைப்படுவதில்லை. தாயின் உடம்பிலுள்ள சேமிப்பே போதும். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்புவதைவிட, ஃபோலிக் அமில மாத்திரை உள்ளே தங்குகிறதா என்று பார்ப்பதுதான் இந்த நாட்களில் முக்கியம். இரும்புச் சத்து மாத்திரை பலருக்குக் குமட்டலைக் கூட்டும். அதைச் சில வாரம் ஒத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஃபோலிக் அமிலத்தை விடக் கூடாது.

இனி அடுப்படி. குமட்டலும் உணவு வெறுப்பும் ஒன்றாக வந்தாலும், வெறுப்பு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. மாத்திரை வாந்தியை அடக்கும். கடுகு தாளிக்கும் வாசனையையோ, பெலாச்சான் என்ற இறால் விழுது வறுபடும் நெடியையோ, சோறு கொதிக்கும் ஆவியையோ அவளுக்குப் பிடித்ததாக ஆக்கிவிடாது. நம் சமையலில் மணம்தான் பெருமை. அந்த மணமே இப்போது அவளுக்குப் பகை.

அவளே சமைப்பது இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. வேறு வழியில்லாமல் செய்தாலும், சமைத்து முடிக்கும்போது சாப்பிடும் தெம்பு போயிருக்கும். கடையில் வாங்குவது சுலபம் என்று தோன்றும். இந்த ஊரில் சாப்பாட்டுக் கடைக்கா குறை! ஆனால் ரொட்டி சானாய் கல்லின் நெய் வாசனையும், நாசி கண்டார் குழம்புகள் கலந்து எழும் நெடியும் பொட்டலத்தைப் பிரித்ததுமே வேலையைக் காட்டிவிடும். கடையில் வாங்குவதானால் இட்லி, தயிர்சோறு, சீனக் கடையின் வெறும் கஞ்சி என்று மணம் குறைந்தவையாகப் பார்த்து வாங்கலாம். மூன்றாவது வழி, பினாங்குத் தீவிலிருந்து பாலத்துக்கு அக்கரையில் பட்டர்வொர்த்திலோ பிறையிலோ இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவது. கவனிப்பு அங்கே கூடுதல்தான். வேலைக்குப் போகிறவளுக்கு மட்டும் அது சரிப்படாது: விடிகாலை நெரிசலில் பாலத்தைக் கடக்கும் பயணமே வாந்தியைக் கூப்பிடும். விடுப்பில் இருப்பவளுக்குத் தாய்வீடு நல்லது. ஷிப்டுக்குப் போகிறவளுக்குத் தன் வீடே மேல்.

என் தங்கை வீடு அடுக்குமாடியில் இருக்கிறது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே கதவு கிடையாது. ரைஸ் குக்கர் கொதித்து மூடி தடதடக்கும்போதே அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். சமைப்பது மாமியார்தான், சோறு வெந்து இரண்டு மணி நேரம் கழித்தும் அவளால் தட்டின் முன் உட்கார முடியவில்லை. தங்கை கணவர் ஒரு நாள் குக்கரையே தூக்கிக்கொண்டு போய்த் துணி காயவைக்கும் பால்கனியில் வைத்தார். தாளிப்பு வேலைகளை அவள் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்துக்கு மாமியார் மாற்றிக்கொண்டார். சோற்றை ஆறவைத்து, மோர் விட்டுப் பிசைந்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இவ்வளவுதான் செய்தார்கள், ராத்திரிச் சாப்பாடு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. சூடான உணவிலிருந்துதான் வாசனை அதிகம் கிளம்பும் என்பதால் ஆறியதும் குளிர்ந்ததும் உள்ளே இறங்கும். வீட்டில் ஒருவர் சமையல் நேரத்தையும் இடத்தையும் மாற்றத் தயாராக இருந்தால், இதற்கு இணையான மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. செலவும் கிடையாது, பக்கவிளைவும் கிடையாது.

வாயில் என்ன போடுவது என்பதில் உலர்ந்தது, புளிப்பு, குளிர்ச்சி என்று மூன்று கட்சிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் நேரம் வேறு. காலையில் எழுந்திருக்கும் முன் வெறும் வயிறுதான் எதிரி. அப்போது உலர்ந்ததுதான் சரி. தலைமாட்டில் இரண்டு க்ரீம் கிராக்கரோ பொரியோ வைத்திருந்து, படுத்தபடியே மென்று, கால்மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருக்கலாம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி. மாவுப் பண்டம் மட்டுமே தின்றுகொண்டிருந்தால் குமட்டல் சீக்கிரம் திரும்பும் என்பதால் அவித்த கடலை, கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை வகை, தயிர் என்று புரதம் கொஞ்சம் சேர்வது நல்லது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளைகளில் சிறு மடக்குகளாகக் குடித்தால் வயிறு முட்டாது.

புளிப்பு, வாயில் எச்சில் ஊறி நெஞ்சைப் புரட்டும் நேரத்துக்கு ஏற்றது. சௌராஸ்தா சந்தைப் பக்கம் கிடைக்கும் மாங்காய் ஊறலும் ஜாதிக்காய்ச் சதை ஊறலும் நம் பெண்களுக்கு இந்தக் காலத்தில் தேவாமிர்தம். ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்பும் சர்க்கரையும் அதில் நிறைய. ஜாதிக்காய்க் கொட்டையை அரைத்து மருந்தாகச் சாப்பிடுவது வேறு விஷயம், அது கர்ப்பத்தில் வேண்டாம். புளிப்பின் இன்னொரு கெடுதல் நெஞ்செரிச்சல். நெஞ்சு எரிகிறவளுக்குப் புளிப்பைக் கொடுத்தால் குமட்டல் கூடத்தான் செய்யும்.

எதுவுமே இறங்காத நாளுக்குக் குளிர்ச்சி. எலுமிச்சைச் சாற்றில் ஆசாம் போய் ஒன்றை ஊறவைத்து, தண்ணீர் கலந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டி கட்டியாகச் சப்பச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்த கையோடு கக்கிவிடுகிறவளுக்கும் அதே தண்ணீர் ஐஸாக மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். தர்பூசணித் துண்டு, இளநீர் எல்லாம் இந்த வகைதான்.

வாந்தி எடுத்த கையோடு பல் துலக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்று அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் பற்சிப்பி தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

இஞ்சிக்கு வருவோம். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் வேண்டாம், சர்வரோக நிவாரணி என்று நம்பவும் வேண்டாம். ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு கிராம் அளவுக்கு உலர் இஞ்சித் தூளை நான்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். குமட்டல் உணர்வு குறைந்தது. வாந்தியின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே புரட்டல் மட்டும் இருப்பவளுக்கு இஞ்சி போதும். சாப்பிட்டதெல்லாம் வெளியே வருகிறவளை இஞ்சியோடு நிறுத்திவைப்பது அநியாயம். எந்த வடிவில் எடுப்பது என்றால், இஞ்சித் தேநீர் எல்லார் வீட்டிலும் உண்டு, ஆனால் அதன் ஆவியே சிலருக்கு ஆகாது. அவர்களுக்கு இஞ்சி மிட்டாய் தோதுப்படும், தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போது வாயில் அடக்கிக்கொள்ளலாம். கேப்ஸ்யூலில் வரும் இஞ்சிக்கு அளவு சரியாகத் தெரியும் என்பது ஒரு வசதி. நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இஞ்சியை மருந்தளவில் எடுக்க வேண்டாம்.

மணிக்கட்டு உள்பக்கத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அழுத்தம் கொடுக்கும் பட்டி ஒன்றும் மருந்துக் கடைகளில் விற்கிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, தீங்கும் இல்லை. பஸ் பயணத்துக்கு வேண்டுமானால் கட்டிப் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, லேகியம், சூரணம் எதையும் இந்த மூன்று மாதத்தில் தொடாதீர்கள். யார் கொடுத்தாலும்.

மாத்திரை மீதான பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை; அதற்கு வரலாறு இருக்கிறது. 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரை மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961ல் அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் முதலிய குறைபாடுகளோடு பிறந்தார்கள். நம் அம்மாக்களின் தலைமுறை ‘வேண்டாம்’ என்று சொல்வது அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சி. ஆனால் இன்னொரு வரலாறும் உண்டு, அது நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 1956 முதல் விற்ற பெண்டெக்டின் என்ற மாத்திரையில் கடைசியில் இருந்தவை இரண்டே பொருள்கள்: வைட்டமின் பி6, டாக்ஸிலமின் என்ற ஒவ்வாமை மருந்து. வழக்குகள் குவிந்ததால் 1983ல் நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. நிறுத்திய பிறகு பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. வாந்தி முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கைதான் கூடியது. பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பிறகு 2013ல் அதே கூட்டுக்கு அமெரிக்காவில் மீண்டும் அனுமதி கிடைத்தது. கனடாவில் இடைப்பட்ட காலம் முழுவதும் பெண்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மருந்தைத் தவிர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கர்ப்பிணிதான் கொடுக்கிறாள்.

ஆகவே டாக்டர்கள் படிப்படியாகத்தான் போகிறார்கள். முதலில் பி6 மட்டும்: ஒரு வேளைக்கு 10 முதல் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை. அளவு மீறி நெடுநாள் எடுத்தால் கை கால் மரத்துப்போகும் என்பதால் அளவை டாக்டர் சொல்லட்டும். போதவில்லை என்றால் பி6வோடு டாக்ஸிலமினோ அதைப் போன்ற வேறோர் ஒவ்வாமை மருந்தோ சேர்ப்பார்கள். இந்த வகை தூக்கத்தைக் கொடுக்கும். ராத்திரி படுக்கும்போது எடுத்தால் தூக்கமும் வரும், காலைக் குமட்டலும் அடங்கும். ஆனால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவளும் இயந்திரத்தின் முன் நிற்பவளும் பகல் வேளைக்கு அதை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இரவு ஷிப்டில் இருப்பவள் தன் ஷிப்ட் நேரத்தைச் சொல்லித்தான் மருந்து கேட்க வேண்டும்.

அடுத்த படியில் மெட்டோகுளோப்ரமைடு இருக்கிறது. வாந்தியை நன்றாக நிறுத்தும். ஆனால் கழுத்தும் தாடையும் தன்னிச்சையாக இழுத்துக்கொள்ளும் பக்கவிளைவு சிலருக்கு வரும் என்பதால் ஐந்து நாளுக்கு மேல் தொடர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் சொன்னது. ஒண்டான்செட்ரான் இன்னும் வலுவானது. முதல் 12 வாரங்களில் எடுத்தால் உதடு, அண்ணப் பிளவு 10,000 பிரசவங்களுக்கு ஏறக்குறைய மூன்று கூடலாம் என்ற கணக்கு இருப்பதால், மற்றவை பலிக்காதபோதுதான் அதைக் கொடுக்கிறார்கள். கொடுத்தால் பயந்து தூக்கிப் போட வேண்டாம். முதல் மருந்தாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

எங்கே காட்டுவது என்பதில் இந்த நாட்டில் நல்ல வசதி இருக்கிறது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். 12 வாரத்துக்குள் அங்கே பதிந்துகொண்டால் இளஞ்சிவப்புப் புத்தகம் கிடைக்கும். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் அதில் ஏறிக்கொண்டே வரும், அபாய அளவைக் காட்டும் வண்ணக் குறியும் ஒட்டப்படும். மசக்கையில் எடை எவ்வளவு இறங்கியது என்பதுதான் முக்கியக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எழுதிவைத்த பழைய எடை வேண்டும். காத்திருக்கும் நேரம் மட்டும் நீளும். தனியார் கிளினிக்கில் அன்றைக்கே பார்த்துவிடலாம், மாலையிலும் திறந்திருக்கும், செலவு கூட. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பதிவு அரசாங்கக் கிளினிக்கில் இருக்கட்டும், அவசரத்துக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக் இருக்கட்டும். எங்கே போனாலும் புத்தகம் கையோடு போகட்டும்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாதே என்பது நம் வழக்கம். கண்ணேறு பயமும், கரு தங்க வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்து வந்த வழக்கம் அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மசக்கை உச்சத்தில் இருக்கும் வாரங்களும் அதே மூன்று மாதத்துக்குள்தான் விழுகின்றன. உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு, ஓடி ஓடிக் கழிப்பறைக்குப் போய், “வயிறு சரியில்லை” என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊருக்குச் சொல்ல வேண்டாம். மேற்பார்வையாளர் ஒருவருக்குச் சொல்லலாம். சாலிடர் நெடியில்லாத இடத்துக்கு மாற்றுவது, பகல் ஷிப்டுக்கு மாற்றுவது எல்லாம் சொன்னால்தான் நடக்கும். வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) விடுப்பு ஆண்டுக்கு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்காலத்துக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், கர்ப்பத்தையும் கர்ப்பத்தால் வரும் நோயையும் காரணமாக வைத்து வேலையை விட்டு நிறுத்துவதைத் தடுக்கிறது. ஒரேயடியாக எம்.சி.யைக் கரைத்துவிடாமல், ஷிப்ட் மாற்றம் முதலில், எம்.சி. அடுத்து என்று போவது நல்லது; பின் மாதங்களிலும் நாட்கள் தேவைப்படும்.

இவை எல்லாவற்றையும் தாண்டும் நிலை நூற்றில் மூன்று பேர் வரைக்கும் வரலாம். 24 மணி நேரம் தண்ணீரும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது தேயிலைச் சாயம்போல் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்துவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாமா, மருத்துவமனையில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: முதல் தடவை, லேசான வறட்சி, உடனே தெம்பு வந்துவிட்டது என்றால் டிரிப் போதும். மறுநாளே பழைய நிலை திரும்பினால் மருத்துவமனைதான். அங்கேதான் ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரில் கீட்டோன் (உணவின்றி உடம்பு கொழுப்பைக் கரைப்பதைக் காட்டும் பொருள்) எல்லாம் பார்த்து அதற்கேற்ப ஏற்றுவார்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 கொடுப்பது முறை. இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. “எத்தனை வாரமாக வாந்தி” என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

காய்ச்சலோடு வாந்தி வந்தாலோ, ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக வாந்தி தொடங்கினாலோ அதை மசக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். மசக்கையால் காய்ச்சல் வராது. டிங்கி உள்ள ஊரில் இருக்கிறோம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.